ஏரியை ருசி பார்ப்பவள்

வண்டி முழுதாக நிற்பதற்குள் கம்ஷாத் இறங்கிவிடுவாள். பூட்ஸ் நனையுமே என்ற கவலையெல்லாம் கிடையாது. தண்ணீருக்குள் இரண்டடி வைத்து, குனிந்து, வலக்கை நடுவிரலை நனைத்து நாக்கில் வைப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்தில் போர்சிக் உட்கார்ந்து, தாகத்தில் நாக்கைத் தொங்கப் போட்டபடி, தண்ணீரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். அவள் ருசி பார்த்துத் தலையசைக்கிறவரை அந்த நாய் ஒரு சொட்டுக் குடிக்காது.

“உப்பு ஏறியிருக்கு,” என்பாள். “ரெண்டு நாளா கிழக்குக் காத்து அடிச்சிருக்கு. கெண்டை இங்க நிக்காது. வண்டிய எடுய்யா டிரைவரே.”

“இப்பத்தானே நிறுத்தினேன்! இஞ்சின் இன்னும் மூச்சுகூட விடல,” என்பார் புருஷன் ஒராஸ்பெக், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே.

“அங்க போயி விடட்டும். மேற்கே பதினோரு கிலோமீட்டர். நாணல் உள்வாங்கி வளையும் பாரு, அங்க.”

பதினோரு கிலோமீட்டர் என்றால் பதினோரு கிலோமீட்டர்தான். நாணல் வளைகிற இடத்தில் தூண்டிலைப் போட்டால் கால் மணி நேரத்தில் கெண்டை கடிக்கும். பால்கஷ் ஏரி மேற்கே நல்ல தண்ணீர், கிழக்கே உப்புத் தண்ணீர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். இரண்டும் இன்றைக்கு எந்த இடத்தில் கலக்கின்றன, காற்று அந்தக் கலப்பை எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்று சொல்ல எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு நாக்கு. அது கம்ஷாத்தின் வாயில் இருக்கிறது. பேச்சுக்கு அதை அவள் அதிகம் பயன்படுத்துவதில்லை.

செம்பு ஆலையில் கொதிகலன்களுக்குப் போகிற தண்ணீரைச் சோதிக்கும் அறையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவள். குப்பிகள், மீட்டர்கள், வண்ணம் மாறும் காகிதங்கள் எல்லாம் அங்கே இருந்தன. இருந்தாலும் இவள் முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீட்டரைத் தொடுவாள். மேலதிகாரிகள் திட்டினார்கள். ஒரு குளிர்காலத்தில் மீட்டர் ஒன்பது நாள் பழுதாகிக் கிடந்தபோது அதே மேலதிகாரிகள் அவள் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று, “கம்ஷாத், மூணாம் நம்பர் எப்படி?” என்று கேட்டுப் போனார்கள். இந்தக் கதையை அவள் சொல்லிக் கேட்டவர் யாருமில்லை. ஒராஸ்பெக் சொல்லாத நாள் இல்லை.

ஒராஸ்பெக் முப்பத்தொரு வருஷம் ரயில் ஓட்டியவர். பெரிய உடம்பு, பெரிய மீசை, வாய் அதைவிடப் பெரியது. “தண்டவாளம் மட்டும் போட்டுக் குடுத்தா நெலாவுக்குக்கூட ஓட்டிட்டுப் போவாரு. இல்லேன்னா சொந்த வீட்டு வாசல்ல நின்னு வழி கேப்பாரு,” என்பாள் கம்ஷாத். ஓய்வூதியம் வந்த மறுவாரமே இருவருமாகச் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கினார்கள். பார்க்க ரொட்டி மாதிரி இருப்பதால் நாடு முழுக்க அந்த வண்டிக்கு ரொட்டி என்றே பேர். பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கட்டில், ஒரு இரும்பு அடுப்பு, கம்பளி விரிப்பு, தூண்டில்களுக்குக் கூரையோடு ஒட்டிய பரண் என்று ஒராஸ்பெக் தன் கையாலேயே செய்து வைத்தார். ஊரில் அவர்களுடைய நாலாம் மாடி வீட்டில் உயிரோடு இருப்பது ஒரு கள்ளிச்செடி மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரி அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

ஏப்ரலில் பனி உடைந்ததும் கிளம்பினால் நவம்பர் வரை ரொட்டியில்தான் குடித்தனம். ஒரு வருஷம் இலி ஆற்று நாணல்காட்டில் ஏழு வாரம், ஒரு வருஷம் கிழக்கே சாய்சான் ஏரிக்கரையில், ஒரு வருஷம் சிர்தாரியா ஆறு போகிற போக்கிலேயே அவர்களும். எங்கே போனாலும் சுற்றிச் சுற்றி பால்கஷுக்கே வந்துவிடுவார்கள். மகள் தலைநகரத்தில் பல் டாக்டர். ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, “அம்மா, இந்த வயசுல நாடோடியாட்டம் எதுக்கு? எங்களோட வந்து இருங்க,” என்பாள். “உங்க ஊருத் தண்ணி வாயில வைக்க வெளங்கல,” என்று சொல்லிவிட்டு கம்ஷாத் போனைப் புருஷனிடம் நீட்டிவிடுவாள். அதற்கப்புறம் அரைமணி நேரத்துக்கு போன் அவரிடமிருந்து திரும்பி வராது.

மீன் பிடிக்கும்போதும் இதே கதைதான். அவர் பேசுவார், அவள் பிடிப்பாள். அவரிடம் ரீல் வைத்த பளபளப்பான தூண்டில் நாலு இருக்கிறது. அவளிடம் இருப்பது ஒரு மரத்துண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு. அதை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் இமைகூட அசையாது. மாலையில் பார்த்தால் அவள் வாளிதான் நிறைந்திருக்கும்.

ஆனால் அந்த மீன் வீடு போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பிடித்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்து, “சவுகா!” என்று யாராவது சொல்லிவிட்டால் பங்கு கொடுத்தே ஆகவேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெட்ரோல் போடுகிறவன் சொல்வான், லாரிக்காரன் சொல்வான், குதிரை மேய்ப்பவன் சாலையோரம் கை காட்டி வண்டியை நிறுத்தியே சொல்வான். ஒராஸ்பெக் வாளிக்குள் கையை விட்டு, சின்ன மீன் எது என்று தடவுவார். அதற்குள் கம்ஷாத் இருப்பதிலேயே பெரிய மீனை எடுத்து அவன் கையில் வைத்திருப்பாள்.

“அந்தச் சுதாக் மீன நான் ராத்திரி சூப்புக்கு வெச்சிருந்தேன்!”

“கேட்டவனுக்கு நல்லதத்தான் குடுக்கணும். மிச்சத்தக் குடுத்தா அதுக்குப் பேரு பங்கா?”

நாற்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி மாட்டிக்கொண்ட இடங்கள் ஒராஸ்பெக்குக்கு நிறைய உண்டு. அங்கெல்லாம் மீசையைத் தடவிக்கொள்வார்.

இனி போர்சிக். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை விழுந்த மூஞ்சி. போர்சிக் என்றால் வளைக்கரடி, அது போல இருக்கிறதே என்று வைத்த பேர். தாய் வேட்டை நாய், தகப்பன் ஆட்டுக் காவல் நாய் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இடது காது பாதிதான் இருக்கும். அந்தப் பாதிக் காதுக்குக் காரணம் கம்ஷாத். நாலு மாசக் குட்டியாக இருந்தபோது, மார்ச் மாதத்து மெல்லிய பனிப்பாளம் உடைந்து ஏரிக்குள் போய்விட்டது. இவள் வயிற்றால் ஊர்ந்துபோய்க் கையை விட்டபோது அகப்பட்டது அந்தக் காது ஒன்றுதான். காதைப் பிடித்தே இழுத்தாள். பாதி கிழிந்து மீதி நாய் வெளியே வந்தது. அன்றிலிருந்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், அந்தக் கிழிந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பது அவள் பழக்கம்.

அந்தக் குளியலில் குட்டி என்ன கற்றுக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மறு குளிர்காலத்தில் இருந்து, பனியைத் துளைத்து மீன் பிடிக்கப் போகும்போதெல்லாம், பனிப்பாளத்தில் அதுதான் முன்னால் போகும். மூக்கைத் தாழ்த்தி, பாதிக் காதை ஒரு பக்கம் சாய்த்து, காலைப் பார்த்துப் பார்த்து வைத்துப் போகும். இடம் சரியில்லை என்றால் குரைக்காது, ஓடாது. இவர்களுக்கு முதுகைக் காட்டி அப்படியே உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அடி போகக்கூடாது. கடப்பாரையால் குத்திப் பார்த்தால் ஒன்று, மெல்லிசாக இருக்கும். அல்லது அடியில் ஊற்று ஓடும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரி மத்தியானம், கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே, முழங்கால் உயரம் கனத்த பனியில் போர்சிக் உட்கார்ந்தது. லாரியே போகலாம், அவ்வளவு கனம். ஒராஸ்பெக் சிரித்தார். “தொரைக்குக் கால் வலிக்குது போல,” என்று தாண்டப் போனார். கம்ஷாத் அவர் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் நின்றார்கள். முதலில் எங்கோ தூரத்தில், காலுக்குக் கீழே, கனமான ஏதோ முனகுவது போல ஒரு சத்தம். பிறகு இடது அடிவானத்திலிருந்து வலது அடிவானம்வரைக்கும் ஒரே கோடாக ஏரி பிளந்தது. கண்ணெதிரே, இரண்டடி தள்ளி. பிளவு அகன்று உள்ளே கறுப்புத் தண்ணீர் ஏறி வந்து ஆவி பறந்தது. முப்பத்தொரு வருஷம் ரயில் ஓட்டிய மனுஷன் ஒரு அடி பின்னால் வைத்தார். காது மூடும் தோல் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றி, நாய்க்கு முன்னால், கோயில் வாசலில் நிற்கிறவரைப் போல நின்றார். இவ்வளவு பெரிய ஏரி தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிற ரகசியம் இந்தப் பாதிக் காதுக்கு எப்படிக் கேட்டது?

இதைத்தான் அவர் போன அக்டோபரில் ஒரு மத்தியானம் முகித்திடம் சொல்லியிருக்கக் கூடாது.

முகித் ஒராஸ்பெக்கின் அக்கா மகன். முப்பத்தாறு வயது, கம்பவுண்டர். ஏரியின் தென்கரையில் இருக்கிற மீனவக் குடியிருப்புகளுக்கு மருந்தும் ஊசியும் கொண்டுபோகிறவன். எங்கள் வழக்கப்படி அக்கா தங்கை மகன், தாய்மாமனிடம் வாழ்நாளில் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் இல்லை என்று சொல்லக்கூடாது. முகித் ஏழு வயதில் ஒராஸ்பெக்கின் ரயில்வே விசிலைக் கேட்டான். கல்யாணத்தின்போது பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளைக் கேட்டான். மூன்றாவது பதினொரு வருஷமாக பாக்கி நிற்கிறது.

அதனால் மருமகன் வருகிறான் என்று போன் வந்தாலே ஒராஸ்பெக்குக்கு வேலை வந்துவிடும். புது ரீலைத் துணியில் சுற்றி உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் வைப்பார். எலும்புப் பிடி போட்ட கத்தியைக் கட்டிலுக்குக் கீழே. தொலைநோக்கியை அடுப்புக்குள்.

“அடுப்ப நான் பத்தவைக்கப் போறேன்,” என்றாள் கம்ஷாத்.

“கொஞ்சம் பொறு! அவன் போகட்டும்.”

“வர்ற மருமகனுக்கு டீ போடவேணாமா? வெக்கமாயில்ல ஒனக்கு?”

“மோட்டார் சைக்கிள் போனப்ப நீயா நடந்து போன?” என்று முணுமுணுத்துக்கொண்டே தொலைநோக்கியை மாவு டப்பாவுக்கு மாற்றினார். எல்லாவற்றையும் ஒளித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, நாயை வெளியே விட்டுவிட்டார். நாயைப் பொருள் என்று யார் நினைப்பார்கள்?

முகித் வந்தான். ஆஸ்பத்திரி ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு, கொஞ்சம் காலைச் சாய்த்து நடந்து வந்தான். கம்ஷாத் வண்டியின் திறந்த கதவோரம் பால் ஊற்றிய டீயும், பவுர்சாக் என்கிற எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளும் வைத்தாள். அவன் முக்காலியை எடுத்து, ஏரிக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டான். ஒராஸ்பெக் அதைக் கவனிக்கவில்லை. மருமகனின் கண் பரண் பக்கம் போய்விடக்கூடாதே என்று அவர் பேச ஆரம்பித்தார். பேச வேறு எதுவும் கிடைக்காமல் நாயைப் பற்றிப் பேசினார். பிளந்த ஏரி, உட்கார்ந்த நாய், தொப்பி கழற்றியது, கடப்பாரை, ஊற்று, ஒன்பது வருஷம். ஒரு மணி நேரம் பேசினார். முகித் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மாமா,” என்றான் கடைசியில். “எனக்கு ஒண்ணு பாக்கி இருக்குல்ல.”

“இருக்குடா மருமகனே, நான் எங்க இல்லேன்னேன்?” ஒராஸ்பெக்கின் கண் தன்னையறியாமல் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் போனது.

“போர்சிக்கக் குடுங்க.”

ஒராஸ்பெக் முதலில் சிரித்துப் பார்த்தார். அவன் சிரிக்கவில்லை.

“டேய், அவனுக்கு வயசாயிடுச்சுடா. பல்லு ஆடுது. சோம்பேறி. வேணும்னா நல்ல ரீல் ஒண்ணு இருக்கு, ஜப்பான் சாமான், இந்தா, இப்பவே எடுத்துத் தரேன்...”

“ஒரு மணி நேரமா நீங்கதானே மாமா அவன் பெருமை பாடினீங்க?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனுஷன் மனைவியைப் பார்த்தார். இதிலிருந்து வெளியே வர ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த வழி அவள் கையில்தான் இருந்தது. மருமகனுக்கு உரிமை மாமன் பொருளில் மட்டும்தான். ஏரிக்குள் கையை விட்டு எடுத்தவள் அவள், ஆகவே நாய் அவளுடையது. ‘அது என்னோடது’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகித் மறுபேச்சுப் பேசாமல் ரீலை வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

கம்ஷாத் முகித்தின் முக்காலியைப் பார்த்தாள். அது திரும்பியிருந்த பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவன் இடது பூட்ஸைப் பார்த்தாள்.

“அதக் கழட்டு.”

“எதுக்கு அத்தை?”

“கழட்டுன்னா கழட்டு.”

கழற்றினான். பூட்ஸின் முனைக்குள் துணி அடைத்திருந்தது. காலில் இரண்டு விரல்கள் இல்லை. மார்ச்சில் தென்கரையிலிருந்து திரும்பும்போது பனிவண்டியோடு இடுப்புவரை உள்ளே போனதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

“இந்தக் குளுருக்கு அக்கரைக்கு யாரு போறா?”

“நான்தான். வேற ஆளு இல்ல. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கறவங்க அங்க நாலு பேரு. ஜனவரியில ஒரு பிரசவம் வேற.”

“பயமா இருக்கா?”

முகித் சிரித்தான். “ஃபிரிட்ஜத் தொறந்து ஐஸ் எடுத்தாலே கை நடுங்குது அத்தை,” என்றான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பூட்ஸுக்குள் துணியைத் திணித்து, குனிந்தே இருந்தான்.

போர்சிக் அவள் முழங்காலில் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. கட்டைவிரல் அந்தக் கிழிந்த விளிம்பில் ஒரு தடவை போய் வந்தது. இன்னொரு தடவை போய் வந்தது.

“கேட்டது சரிதான்,” என்றாள். “காலையில கூட்டிட்டுப் போ.”

மறுநாள் காலையில் நாய் ஜீப்பில் ஏற மறுத்தது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஒராஸ்பெக் ரொட்டியின் மறுபக்கம் போய், இறுக்கமாகவே இருந்த சக்கரத் திருகுகளைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார். கம்ஷாத் தன் இடது கை உறையைக் கழற்றினாள். ஒன்பது குளிர்காலம் அந்தக் காதைத் தடவிய ஆட்டுத்தோல் உறை. அதை முகித்தின் கையில் மாட்டி, அந்தக் கையைக் கொண்டுபோய்ப் பாதிக் காதின் மேல் வைத்தாள்.

“கூப்பிடாதே. அதட்டாதே. அவன் முன்னால போகட்டும், நீ பின்னால போ. அவன் உக்காந்தா நின்னுடு. ஏன்னு கேக்காதே. ஒங்க மாமா மாதிரி வாதாடாதே.”

“சரி அத்தை.”

“நல்லதாப் பாத்துத் திங்கப் போடு. மிச்சத்தப் போடாதே.”

சொல்லிவிட்டு டீ பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீர் பக்கம் போய்விட்டாள். போர்சிக் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த முதுகு திரும்பவில்லை என்று நிச்சயமானதும், எழுந்து, உறை போட்ட கையை முகர்ந்து, ஜீப்பில் ஏறியது.

“என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கம்ஷாத்,” என்றார் ஒராஸ்பெக், ஜீப்பின் தூசி அடங்கிய பிறகு. “நான் ஒளறிட்டேன். நீ சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவன் முக்காலியப் பாத்துட்டேன்.”

மத்தியானம் போன் வந்தது. முகித். “அத்தை, சாப்பிட்டான். ஆனா தண்ணி குடிக்கமாட்டேங்கறான். கிண்ணத்தப் பாக்கறான், என் மொகத்தப் பாக்கறான். ஒடம்புக்கு ஏதாச்சுமா?”

கம்ஷாத் தன் வலக்கை நடுவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

“நடுவெரலத் தண்ணியில நனைச்சு, ஒன் நாக்குல வை,” என்றாள் பிறகு. “கண்ண மூடு. அப்புறம் தலைய ஆட்டு.”

அவன் போனைத் தரையில் வைப்பது தெரிந்தது. அப்புறம் நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. சளக் சளக்கென்று, நெடுநேரம். கம்ஷாத் போனைக் காதோடு அழுத்தி அது முடிகிறவரை கேட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒராஸ்பெக் ரொட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிசம்பரில் ஏரி உறைந்தது. ஒராஸ்பெக் நாலாம் மாடியில் குழாய் வாஷர்களை எல்லாம் மாற்றினார், கள்ளிச்செடிக்குத் தொட்டி மாற்றினார், தொலைக்காட்சியில் சேனல்களை வரிசைப்படுத்தினார். இந்தக் குளிர்காலம் பனிக்குப் போகப்போவதில்லை என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. நாய் இல்லாமல் போக முடியாது என்பதை எதற்குச் சொல்லவேண்டும்? அவருக்குக் கண்ணும் முன்னைப்போல் இல்லை. வெள்ளையும் சாம்பலும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இந்தக் குளிர்காலம் போகாவிட்டால் அடுத்ததற்கும் போகமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். அப்புறம் ரொட்டியை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எல்லாம் அந்த ஒரு மணி நேரப் பேச்சால் வந்தது.

கடைசி வாரத்தில் முகித் கூப்பிட்டான். “அத்தை! நேத்து ரெண்டு எடத்துல உக்காந்தான். ஒரு எடத்துல கடப்பாரையால ஒரு குத்துக் குத்தினேன், முழுசா உள்ள போயிடுச்சு. அந்தப் பக்கந்தான் நான் போறதா இருந்தேன்.”

“ஏன்னு கேக்காதேன்னு சொன்னேனா இல்லியா? குத்திப் பாக்கறதும் கேக்கறதுதான்,” என்று அதட்டினாள். போனை வைத்துவிட்டு, பரணிலிருந்து கூடாரத்தை இறக்கினாள்.

“எங்க?” என்றார் ஒராஸ்பெக்.

“எங்கயா? ஏரிக்குத்தான். தூண்டில எடு.”

“முன்னால யாரு போறது?”

“நான்.”

“பைத்தியமா ஒனக்கு? ஒடஞ்சா நீதானே உள்ள போவ!”

“ஒன்பது வருஷமா போர்சிக் முன்னால போனான். அப்ப இந்தக் கேள்விய நீ ஒரு நாளாவது கேட்டியாய்யா?”

மீசையைத் தடவிக்கொள்ளக்கூட ஒராஸ்பெக்குக்குக் கை வரவில்லை.

“முப்பத்தொரு வருஷம் ஆயிரம் பேர இழுத்துக்கிட்டு முன்னால போனவன் நான்,” என்றார், தெருவுக்கு இறங்கும்போது, கடைசி முயற்சியாக.

“அது தண்டவாளம்,” என்றாள்.

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி குளிர். வெயிலில் கண் கூசியது. கரையிலிருந்து பார்த்தால் ஏரி என்று ஒன்று இல்லை, வானம் கீழிறங்கி விரிந்து கிடப்பதுதான் இருந்தது. கம்ஷாத் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவர் இடுப்பில் கட்டினாள். நடுவில் முப்பதடி. அவர் பின்னால் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அவள் கையில் கடப்பாரை. வலக்கையில் ஆட்டுத்தோல் உறை, இடக்கையில் கடையில் வாங்கிய நீலக் கம்பளி உறை.

அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே ஒராஸ்பெக் நடந்தார். அவளை நாற்பது வருஷமாகப் பார்க்கிறார், ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். இருபது அடிக்கு ஒரு தடவை நின்று, கடப்பாரையால் ஒரு சில்லைப் பெயர்த்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடினாள். தண்ணீரில் உப்பு எவ்வளவோ, அதன் பனிக்கட்டி அவ்வளவு பலவீனம். உப்பு குறைந்திருந்தால் தலையை அசைத்துவிட்டு நடப்பாள். ஏறியிருந்தால் வளைந்து போவாள். ஏரியின் காது ஒருத்தனிடம் போய்விட்டது, இனி நாக்கை வைத்துப் பிழைத்துக்கொள்வோம் என்று அவள் முடிவு செய்து பல நாள் ஆகியிருக்கவேண்டும். அவர் நாலாம் மாடியில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது, இவள் மார்க்கெட்டுக்கென்று சொல்லிவிட்டு இங்கே வந்துபோயிருக்கிறாள். பனியில் பழைய குத்துகள் தெரிந்தன, கரையோரமாக, வரிசையாக. ஒராஸ்பெக் அந்தக் குத்துகளை மிதிக்காமல் விலகி நடந்தார்.

மூன்று கிலோமீட்டர் போயிருப்பார்கள். பழைய குத்துகள் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. பனி நீலமாக, கண்ணாடி போலக் கனத்து, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கிடந்தது. குறையே சொல்ல முடியாது. கம்ஷாத் ஒரு சில்லைப் பெயர்த்தாள். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். தலை அசையவில்லை. இன்னொரு சில்லு. அதற்கும் அசையவில்லை. கடப்பாரையை மெதுவாகப் பனியின் மேல் குறுக்கே கிடத்தினாள். அவருக்கு முதுகைக் காட்டியபடி, கால்களை மடக்கி, அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

ஒராஸ்பெக் ஏன் என்று கேட்கவில்லை. சறுக்குவண்டியின் கயிற்றைக் கீழே விட்டுவிட்டு, அந்தக் குளிரில், தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார்.